தரைக்கு அடியில் யாரும் போகவில்லை

ரோசன்பர்க், டெக்சஸ்
17.1.1999

அன்புள்ள நஞ்சுண்டா,

பொங்கலுக்கு நீ ஃபோன் செய்தபோது ஆமாம், இல்லை, சரி என்று மூன்று சொற்களில் பேசி வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். கோபம் எதுவுமில்லை. இந்த வீட்டின் சுவர் பிஸ்கட் டப்பாவின் அட்டை கனம்தான் இருக்கும். நான் ஃபோனில் பேசுவதெல்லாம் அடுத்த அறையில் படுத்திருக்கும் வள்ளிக்குக் கேட்கும். அவள் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

எண்ணெய் விலை விழுந்து என் வேலை போனதும், அதே மாதம் வள்ளிக்கு ஸ்ட்ரோக் வந்ததும், சுகர் லேண்ட் வீட்டை விட்டு இந்த மொபைல் ஹோமுக்கு வந்ததும் உனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. ஸ்ட்ரோக்கில் அவளுக்கு வலது கையும் காலும் மட்டும் போகவில்லை, இங்கிலீஷும் போய்விட்டது. பதினெட்டு வருஷம் லைப்ரரியில் இங்கிலீஷ் பேசி வேலை பார்த்தவளுக்கு இப்போது வீட்டை 'ஊடு' என்கிற கோபிச்செட்டிபாளையத்துத் தமிழ் மட்டும்தான் மிச்சம். அதிலும் முப்பது நாற்பது சொற்கள். டாக்டர் இது அபூர்வமில்லை என்கிறார். அவருக்கு அதில் ஓர் ஆறுதல்.

இப்போது பிரச்சினை தரை. வள்ளியின் ஆஸ்பத்திரிக் கட்டில் நிற்கும் இடத்தில், தலைமாட்டுப் பக்கம், தரை அமுங்குகிறது. கவுண்டி ஆபீஸிலிருந்து வரும் சமூக சேவகி திருமதி டெல்கடோ ஷூ முனையால் அழுத்திப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். மார்ச் முடிவதற்குள் தரையைச் சரிசெய்யாவிட்டால், நோயாளியை வைத்துக்கொள்ள இந்த வீடு தகுதியில்லை என்று எழுத வேண்டியிருக்குமாம். பிறகு நர்சிங் ஹோம்தான். மிக அன்பாகச் சொன்னார். முப்பது தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு வள்ளி அங்கே யாரிடம் தண்ணீர் கேட்பாள்?

மூன்று வாரமாக ஆள் தேடுகிறேன். வீட்டு வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டால், "சக்கரம் உண்டா?" என்று கேட்கிறார்கள். அடியில் உண்டு என்றால், வண்டி ரிப்பேர் ஆட்களைக் கேளுங்கள் என்கிறார்கள். வண்டிக்காரர்கள் "ஓடுமா?" என்று கேட்கிறார்கள். ஓடாது என்றால், அப்படியானால் அது வீடு என்று வைத்துவிடுகிறார்கள். நாங்கள் எதில் குடியிருக்கிறோம் என்று இரண்டு கட்சியும் கூடி முடிவு செய்யும்வரை தரை பொறுத்திருக்க வேண்டும். ஒருவன் மட்டும் வந்தான். ஏணியை இறக்கி வைத்தான். ஆணி வாங்கி வருகிறேன் என்று போனான். பன்னிரண்டு நாளாகிறது. ஏணி நன்றாக இருக்கிறது.

கடைசியில் இந்த மொபைல் ஹோம் பார்க்கின் மேனேஜர் ஓர் ஆளை அனுப்பினார். எர்ல் என்று பெயர், அறுபது வயதிருக்கும். அவன் வீட்டுக்குள் வரவே இல்லை. பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, மல்லாந்து படுத்து, அடியில் போய்விட்டான். முக்கால் மணி நேரம் கழித்துச் சேறும் சகதியுமாக வெளியே வந்தான். தண்ணீர்க் குழாய் பல மாதமாக ஒழுகுகிறதாம். வீட்டின் அடிவயிற்றைச் சுற்றியிருக்கும் கருப்பு பிளாஸ்டிக் அந்தத் தண்ணீரைப் பை மாதிரி தேக்கி வைத்திருக்கிறதாம். தரையைத் தாங்கும் கட்டைகள் இற்றுவிட்டன, அறை முழுவதையும் பிரித்துக் கட்டைகளை மாற்ற வேண்டும், இரண்டு வாரம் ஆகும், அதுவரை அந்தம்மா இங்கே படுக்கக்கூடாது என்கிறான். "நீங்களே வந்து பாருங்க சார், டார்ச் தரேன்" என்றான். எனக்கு முதுகுவலி என்றேன்.

இரண்டு வாரம் அவளை எங்கே கொண்டு போய் வைப்பேன்? பிள்ளைகள் இல்லை. பழைய நண்பர்களுக்கு நான் இருக்கும் இடமே தெரியாது. இவன் பேச்சை நம்பலாமா? நீ உன் பேஸ்மென்ட் முழுவதையும் ஆள் வைத்துச் செய்தவன். யோசனை சொல்.

மீனாக்ஷிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
சேனாபதி


பார்சிப்பனி, நியூ ஜெர்சி
26.1.1999

அன்புச் சேனாபதி,

உன் கடிதத்தை மீனாக்ஷிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷ் போன இடம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மகிழனிடம் சொன்னேன். "தட் சக்ஸ், டாட்" என்றான். பதினைந்து வயதில் அவன் காட்டக்கூடிய அதிகபட்சத் துக்கம் அதுதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம். இவ்வளவு நாள் சொல்லவில்லையே. தமிழ்ச் சங்க டைரக்டரியில் இன்னும் உன் சுகர் லேண்ட் முகவரிதான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதை மாற்றாமல் விட்டதும் நல்லதுதான். மொபைல் ஹோம் என்றால் நம் ஜனங்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த எர்ல் என்ன படித்திருக்கிறான்? கேட்டாயா? நீயும் நானும் இன்ஜினியர்கள். ஒருவன் சேற்றைப் பூசிக்கொண்டு வந்து "எல்லாம் இற்றுப் போச்சு" என்றால் உடனே நம்பிவிடுவதா? பயமுறுத்தினால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. என் பேஸ்மென்டுக்கு வந்தவன்கூடச் சுவரை இடிக்க வேண்டும் என்றான். நான் இரண்டு கேள்வி கேட்டதும் பெயின்ட் போதும் என்று இறங்கி வந்தான்.

உன் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். டாக்டர் பாலசுப்ரமணியன். மீனாக்ஷிக்குச் சித்தி மாப்பிள்ளை. கட்டுமானத்தில் டாக்டர் பட்டம். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளின் கால்களைக் கணக்குப் போட்டு நிறுத்துகிறவர். சூறாவளி அடித்தாலும் அது அசையாது. உன் படுக்கையறை அவருக்கு எம்மாத்திரம்? நேற்றே பேசிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். தற்காலிக வசிப்பிடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

கூச்சப்படாதே. நம்ம ஆள் ஒருவர் இருக்கும்போது வெளி ஆளிடம் போவானேன்?

வள்ளியிடம் நான் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
நஞ்சுண்டன்


ரோசன்பர்க்
14.3.1999

அன்புள்ள நஞ்சுண்டா,

டாக்டர் பாலசுப்ரமணியன் வந்தார். முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வர முடியவில்லை. நான்காவது ஞாயிறு கோயிலில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, பட்டு வேட்டியோடு, மனைவி நாகலக்ஷ்மியையும் அழைத்துக்கொண்டு வந்தார். லட்டு கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நல்ல மனது. ஆறு படுக்கையறையோடு வீடு கட்டியிருக்கிறார்களாம். கூட்டிப் பெருக்கி மாளவில்லை, இங்கே எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்றார். இரண்டு வாரத்துக்கு ஓர் அறை கிடைக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. லட்டு எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் தரையை நான்கு இடத்தில் அளந்தார். கட்டிலின் எடை, மெத்தையின் எடை, வள்ளியின் எடை எல்லாம் கேட்டுக் கால்குலேட்டரில் போட்டார். அடியில் போய்ப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவசியமில்லை என்றார். அடுத்த வாரம் மூன்று பக்கத்தில் அறிக்கை வந்தது. பழைய தரைமேல் முக்கால் அங்குல ப்ளைவுட் பலகையை அறை முழுவதும் போட்டால் போதும். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் எல்லாக் கட்டைகளுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். ஒரு நாள் வேலை. வள்ளி அந்த ஒரு நாள் முன் அறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

இதற்கிடையில் எர்ல் இரண்டு முறை வந்தான். கட்டைகளை அளந்து அறுத்துத் தன் ட்ரக்கில் போட்டு வைத்திருந்தான். வள்ளி அவனிடம் "சாப்புட்டீங்களா?" என்று கேட்பாள். அவன் இங்கிலீஷில் மழையைப் பற்றிச் சொல்லுவான். இரண்டு பேருக்கும் திருப்தியாகப் பேச்சு நடக்கும். நான் அறிக்கையைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் வாசற்படியில் உட்கார்ந்து படித்தான். அவசரப்படவில்லை. படித்து முடித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்து, கேட்டான்.

"இதுல எந்தப் பக்கம், சார், வீட்டுக்கு அடியில போய்ப் பார்த்துச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. நீ சொன்னபடி, நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டேன். எட்டாவது வரைக்கும் என்றான். கோபப்படவில்லை. தொப்பியை எடுத்து வள்ளி இருந்த ஜன்னல் பக்கம் தலையசைத்துவிட்டுப் போனான். அறுத்த கட்டைகள் ட்ரக்கிலேயே போயின.

மறுநாள் மரக்கடை வாசலில் வேலைக்கு நிற்கும் இரண்டு பேரைக் கூட்டி வந்து பலகை போட்டாகிவிட்டது. மேலே புது லினோலியம். நடந்தால் ஆபீஸ் தரை மாதிரி இருக்கிறது. திருமதி டெல்கடோ வந்து மறுபடி ஷூவால் அழுத்தினார், குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார், "பியூட்டிஃபுல்" என்று கையெழுத்துப் போட்டார். அவரும் அடியில் போகவில்லை. வள்ளி இங்கேயே இருக்கலாம்.

உனக்கும் டாக்டருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

உன்,
சேனாபதி


பார்சிப்பனி
22.3.1999

அன்புச் சேனாபதி,

உன் கடிதம் வந்த அன்று இங்கே ஒரு வீட்டில் சத்யநாராயண பூஜை. அந்த எர்ல் கேட்ட கேள்வியையும் நீ கேட்ட கேள்வியையும் எல்லோருக்கும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டாவது படித்தவன் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குக் கேள்வி போடும் ஒரே நாடு இதுதான் என்றார் ஒருவர். பாலுவுக்கும் ஃபோனில் சொன்னேன், ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

நம்ம ஆளுங்க நம்ம ஆளுங்கதான்டா. வள்ளியை நன்றாகப் பார்த்துக்கொள். கோடை விடுமுறையில் நிச்சயம் வருகிறோம்.

உன்,
நஞ்சுண்டன்


ரோசன்பர்க்
20.4.1999

அன்புள்ள நஞ்சுண்டா,

சித்திரை முதல் நாள் காலை பத்து மணிக்கு வள்ளிக்குப் பாயசம் கொடுப்பதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். தரை இறங்கிவிட்டது.

புதுப் பலகை உடையவே இல்லை. டாக்டர் எழுதியிருந்தபடியே பாரத்தை எல்லாக் கட்டைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தது. எல்லாக் கட்டைகளும் ஒன்றாகப் போயின. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத்துணியைக் கீழே போட்ட மாதிரி ஒன்று. கட்டில் சுவர்ப்பக்கம் சாய்ந்தது, வள்ளி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் ஜன்னலைக் கழற்றி அந்த வழியாகத்தான் அவளை எடுத்தார்கள். எடுக்கும்போது அவர்களைப் பார்த்து "மெதுவா, மெதுவா" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் மெதுவாகத்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. நோயாளி ஒத்துழைப்பதில்லை என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். பயிற்சியின்போது காலைத் தூக்கு என்று இங்கிலீஷில் சொல்கிறார்கள், அவள் தூக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னால் தூக்குகிறாள். ஆனால் வீடு, கவுண்டி, இன்சூரன்ஸ் என்று நான் ஓடும் நேரத்தில் அவள் ஒத்துழைக்காத நோயாளி ஆகிவிடுகிறாள். அடுத்த மாதம் ஏழாம் தேதி கூட்டம் வைத்திருக்கிறார்கள். பயிற்சியில் தேறினால் வீட்டுக்கு, இல்லாவிட்டால் நர்சிங் ஹோமுக்கு. அன்று முடிவு செய்வார்கள்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. ஒரு வாரம் வந்து அவள் பக்கத்தில் உட்கார முடியுமா? அவர்கள் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொன்னால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

உன்,
சேனாபதி


பார்சிப்பனி
2.5.1999

அன்புச் சேனாபதி,

படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீனாக்ஷி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உடனே கிளம்பி வரத்தான் மனசு துடிக்கிறது. ஆனால் எங்கள் ஆபீஸில் இரண்டாயிரமாம் வருஷத்துக் கம்ப்யூட்டர் பிரச்சினைக்காக எல்லோருடைய லீவையும் ரத்து செய்திருக்கிறார்கள். ஜூன் பன்னிரண்டு எங்கள் பெண் வெண்பாவின் நாட்டிய அரங்கேற்றம். ஹால், மிருதங்கம், சமையல் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஒன்று செய்யலாம். வள்ளிக்குச் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு, மீனாக்ஷி கேசட்டில் பேசி அனுப்புகிறாள். போட்டுக் கேட்கட்டும்.

இன்னொரு விஷயம். பாலு மிகவும் மனம் உடைந்து போயிருக்கிறார். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது அனுமானத்தைப் பார்க்கச் சொன்னார். "தற்போதுள்ள கட்டைகள் உலர்ந்தும் உறுதியாகவும் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆகவே கணக்கில் பிழை இல்லை. இதை உன் மன ஆறுதலுக்காகச் சொல்கிறேன்.

ஆனாலும் இந்த நாட்டில் வக்கீல்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நட்புக்காகத்தானே செய்தார்? அறிக்கையின் மூலப் பிரதியை எனக்கு அனுப்பிவிடு. ஜெராக்ஸ் எடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. அந்தக் கூட்டத்தில் யாரிடமும் காட்ட மாட்டாய் என்று அவரிடம் நான் உறுதி சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

எல்லாம் நல்லபடியாக முடியும். தைரியமாக இரு.

என்றும் உன்,
நஞ்சுண்டன்


ரோசன்பர்க்
18.7.1999

நஞ்சுண்டனுக்கு,

அறிக்கை இத்துடன் இருக்கிறது, மூன்று பக்கம். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. யாரிடமும் காட்டவில்லை. டாக்டரிடம் நிம்மதியாகத் தூங்கச் சொல்.

மே ஏழாம் தேதிக் கூட்டம் பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. வள்ளி பயிற்சியில் தேறவில்லை. இப்போது அவளைத் தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும், வீட்டில் நான் ஒருவன்தான். அன்றைக்கே நர்சிங் ஹோமுக்கு மாற்றிவிட்டார்கள். கேசட் வந்தது. போட்டேன். மீனாக்ஷியின் குரலைக் கேட்டு அறை முழுவதும் தேடினாள். பிறகு போடவில்லை.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வரவில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் தகரத்தைக் கழற்றிவிட்டு நானே வீட்டுக்கு அடியில் போனேன். முதுகு வலிக்கவில்லை. அவள் கட்டில் இருந்த இடத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டையில் விரலை வைத்தேன், ரொட்டியில் இறங்குவது மாதிரி இறங்கியது. எர்ல் அதைத்தான் காட்டுகிறேன் என்று ஜனவரியிலேயே சொன்னார். பார்த்திருந்தால் அவர் சொன்னது சரி என்று தெரிந்திருக்கும், பிறகு இரண்டு வாரத்துக்கு யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்க வேண்டியிருக்கும். மொபைல் ஹோமில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். நிற்கவும் சொல்லவும் கூச்சப்பட்டுக்கொண்டுதான் நான் உன் டாக்டரை நம்பினேன். நீ காரணத்தை எழுதி அனுப்பினாய், அவ்வளவுதான். ஆகவே கணக்கில் உன் பிழையும் இல்லை.

எர்லைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நடுவிலேயே எந்த நாளில் வரட்டும் என்று கேட்டார். ஒன்பது நாளில் முடித்துவிட்டார். நானும் கூட இருந்து கட்டை பிடித்துக் கொடுத்தேன். தரை இப்போது அசையாது. நான் ஒருவன் நடமாட இவ்வளவு உறுதி தேவையில்லை.

கோடையில் வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். நீ வருத்தப்பட்டு எழுதுவாய், நான் பரவாயில்லை என்று எழுத வேண்டியிருக்கும். அதை என்னால் எழுத முடியாது.

நான் காலை எட்டிலிருந்து இரவுச் சாப்பாடு முடியும்வரை நர்சிங் ஹோமில் இருக்கிறேன். துடைப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் மட்டும் என்னை வராந்தாவுக்கு அனுப்புவார்கள். அங்கே கிளாடிஸ் என்று ஒரு நர்ஸ், நல்ல பெண். வள்ளி சொல்வது ஒன்றும் புரியவில்லை என்று வருத்தப்பட்டாள். ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டிக் கொடுத்தேன். தண்ணி, வலி, போதும், குளிருது, மெதுவா. எதிரே இங்கிலீஷ் அர்த்தம். கிளாடிஸ் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

போன வாரம் என்னிடம் வந்து, அட்டையில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது, அதைத்தான் நாள் முழுக்கச் சொல்கிறாள், என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொல்லிக் காட்டினாள். "ஊட்டுக்கு."

அது என் பெயர் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் வெளியே இருக்கையில் வள்ளி அதைச் சொல்லும்போதெல்லாம் கிளாடிஸ் வராந்தாவுக்கு வந்து, உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்கிறாள். நான் எழுந்து உள்ளே போகிறேன்.

சேனாபதி